பெக்கோக் ஆற்றங்கரையில் சுட்ட ரொட்டி

கப்பலில் என் பக்கத்தில் பாய் விரித்திருந்த அம்மாள் தொடங்கி, ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவர் வரை எல்லாரும் என்னிடம் ஒன்றையே கேட்டார்கள். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீ மட்டும் எதற்காக இங்கே வருகிறாய்? "என் வீட்டுக்காரரை அழைத்துப் போக வந்தேன்" என்றதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும்.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைவதற்குள் இவர் மலாயாவுக்குப் புறப்பட்டுவிட்டார். அது ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. நிலம் அளக்கும் சர்வே கூட்டத்தோடு காடு காடாகப் போகிறேன், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறேன், ரொட்டி சுடுகிறேன் என்று எழுதுவார். படித்துப் புரிந்துகொண்டேனே தவிர, மனக்கண்ணில் பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இவர் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே "தண்ணி" என்று குரல் கொடுக்கிறவர். அடுப்பங்கரைக்குள் ஆண்பிள்ளை தலை நீட்டினால் என் மாமியாருக்குக் குலமே கெட்டுப்போகும்.

சிங்கப்பூரிலிருந்து கடல்மேல் போட்ட பாதையில் ரயில் ஜொகூருக்குள் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நாம். அதற்கப்புறம் ரப்பர், ரப்பர், ரப்பர். எங்கள் ஊர்ப் பனைகள் அவரவர் இஷ்டத்துக்கு நிற்கும். இங்கே மரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை பிசகாமல் நிற்கின்றன. எதிரே இருந்த மலாய் அம்மாள் வாழையிலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து என் பக்கமும் நீட்டினார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலிக் கருவாடு, காரமான ஒரு துவையல். நல்ல நாளில்தான் எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் சோறு. இவர்கள் அதை ரயிலில் சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள். பின்னால் இரண்டு தமிழர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "எங்க தோட்டத்துல பாதி லயத்து வீடு காலிடா. நாய்ங்கதான் கெடக்குது." "எங்களுக்கும் அடுத்த கப்பல்தான்." அதைக் கேட்டபோது இவரை அழைத்துப் போவது சுலபமாக இருக்கும் என்றுதான் தோன்றியது.

பெக்கோக் சின்ன ஸ்டேஷன். இவர் வரவில்லை. மாட்டு வண்டியோடு கறுப்பையா என்பவர் நின்றார்.

"நீங்கதான் ரொட்டிக்காரரு சம்சாரமா? வாங்கம்மா. கேம்ப்பை விட்டுட்டு அவரால வர முடியல. நேத்தும் வந்து காத்துக் கெடந்துட்டுப் போனேன்."

ரொட்டிக்காரர் சம்சாரம். ஊரில் என்னை டீச்சரம்மா என்பார்கள். இந்தப் புதுப் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தோட்டத்தைத் தாண்டிக் காட்டுப் பாதையில் இறங்கியதும் வண்டிச் சக்கரம் செம்மண் சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்தது. "அலமாக்!" என்றார் கறுப்பையா. அது எந்தச் சாமி என்று கேட்டேன். "சாமி இல்லம்மா. இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றது. ஐயோன்னு வச்சிக்குங்க." நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். இடுப்பு வரைக்கும் சேறு. ஆறு வருஷம் கழித்துப் புருஷனைப் பார்க்கப் போகிறவள் என்று கட்டியிருந்த நல்ல சேலை அது.

கேம்ப் என்பது ஆற்றங்கரை மேட்டில் இலைக் கூரை போட்ட நாலைந்து குடிசைகள். ஓரத்தில் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே நெருப்பு. நெருப்புக்கு முன் முழங்காலிட்டு ஒருவர் ஊதிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் சாம்பல். கறுப்பையா கூப்பிட்டதும் திரும்பினார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தவர் இரண்டு கையையும் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டியா ஞானம்... கை பூரா மாவு."

"இருக்கட்டும்" என்றேன். பெட்டியை நானே இறக்கினேன்.

அன்றைக்கு முதன்முதலாக அவர் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. டாக்டர் சொன்னால்தான் வாங்குவார்கள். பாலில் நனைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார்கள். இது வேறு. மேலே மொறுமொறுவென்று பழுப்பாக வெடித்திருந்தது. உள்ளே ஆவி பறந்தது. லேசான புளிப்பு, புகை வாசனை. குழம்பு இல்லாமலே பாதியைத் தின்றுவிட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"தெப்ராவ் பக்கம் அளக்கும்போது ஒரு சீனக் குசினிக்காரர் இருந்தாரு. பாத்துப் பாத்து வந்துட்டு. முதல்ல சுட்டதையெல்லாம் மாடு கூடத் திங்கலை."

மறுநாள் கேம்ப்புக்குப் பெரியவரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், எல்லாருக்கும் சர்வேயர் ஐயா. நரைத்த மீசை, முழங்கால் வரை பூட்ஸ். "பிள்ளை, சுகமாய் வந்து சேர்ந்தீங்களோ? உவன் சாமுவேல் பாண் சுடுறதிலை வலு கெட்டிக்காரன். எங்கடை ஊர்ப் பாண் மாதிரியே இருக்கும்." பாண் என்றால் ரொட்டி என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. யாழ்ப்பாணத்தில் கள் ஊற்றித்தான் மாவைப் புளிக்க வைப்பார்களாம். இங்கேயும் இவர் முதல் தடவை தோட்டத்துக் கள்ளை ஊற்றித்தான் ஆரம்பித்தாராம். என் அப்பா உபதேசியார். எங்கள் வீட்டு ஆப்ப மாவுக்குக் கூட இளநீர்தான். தொண்டைக்குள் போய்விட்ட ரொட்டியை என்ன செய்ய முடியும்? ருசியாக இருந்தது என்று ஆண்டவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அதன்பின் வந்த நாட்களில் நான் செய்த வேலை வேடிக்கை பார்ப்பதுதான். காலையில் இவர் மாவைப் பிசைவார். முந்தின நாள் மாவிலிருந்து எடுத்து வைத்த ஒரு புளித்த உருண்டையைச் சேர்ப்பார். துணியைப் போட்டு மூடி, வெயில் இருந்தால் வெயிலில், இல்லாவிட்டால் நெருப்புக்குத் தள்ளி வைப்பார். கனத்த இரும்புச் சட்டி ஒன்று இருக்கிறது. அதைத் தணல்மேல் வைத்துச் சூடேற்றி, மாவை உள்ளே இறக்கி மூடுவார். பிறகு மூடியின் மேலும் தணலை அள்ளிப் போடுவார். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. ஈர விறகு பற்றாதபோது குங்கிலியக் கட்டி ஒன்றை அடியில் வைக்கிறார்கள். இந்தக் காட்டு மரங்களிலிருந்தே கிடைக்கிறது. ஊரில் சாம்பிராணியோடு சேர்த்துப் புகை போடுகிற சாமான் இங்கே அடுப்புப் பற்ற வைக்க!

மாவின்மேல் கையை வைத்துப் பார்க்கும்போது இவர் முகத்தில் ஒரு கவனம் வரும். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கல்யாணமான அந்த ஒரு வருஷமும் வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாத மனுஷன் மாதிரித்தான் இருந்தார்.

ஆனால் எங்களுக்குள் பேச்சு ஓடவில்லை. அவர் பேச்சில் பாதி மலாய் கலந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் "சூசா இல்ல" என்பார்; கஷ்டமில்லை என்று அர்த்தமாம். நான் ஊர்ச் செய்தி சொல்லுவேன், அவர் தலையாட்டுவார். அப்புறம் இரண்டு பேரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் தைரியமாகக் கேட்டேன்.

"எப்பம் ஊருக்கு வாறிய? அத்தை கேட்டுட்டு வரச் சொன்னாக."

"பாப்போம்" என்றார். சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் மூடியிருந்தார், பார்க்க ஒன்றுமில்லை.

பிறகு மழை வந்தது. எங்கள் ஊரில் மழை வந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் அனுப்பிச் சந்தோஷப்படுவோம். இங்கே அது வந்தால் போவதில்லை. இரண்டாம் நாள் காலையில் தூறல் கொஞ்சம் விட்டதும் சர்வேயர் ஐயா, அக்கரையில் ஒரு எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்புவதாகச் சொல்லி, அளவுச் சங்கிலி பிடிக்கிற இரண்டு சங்கிலி ஆட்களோடு புறப்பட்டார். ஆற்றின் குறுக்கே வெட்டிப் போட்ட பெரிய மரம்தான் பாலம். அவர்கள் தாண்டிப் போன கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மழை கொட்டியது. மலையில் எங்கோ பெய்த தண்ணீரும் சேர்ந்து ஆறு கரை புரண்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மரம் ஒரு முனை தூக்கி, மெதுவாகத் திரும்பி, தீக்குச்சி மாதிரிப் போய்விட்டது. தாழ்ந்த இடத்தில் இருந்த சாமான் குடிசைக்குள்ளும் தண்ணீர் ஏறியது. அரிசி மூட்டைகள் போயின. இவர் படுக்கைக்கு மேலே பரணில் ஏற்றி வைத்திருந்த கோதுமை மாவு மட்டும் தப்பியது.

மேட்டில் நாங்கள் இருந்தோம்: இவர், நான், மண்டோர் யூசோப் என்ற மலாய்க்கார மேஸ்திரி, வேலையாட்கள் சிலர். அக்கரையில் அந்த மூன்று பேர். கையால் சாடை காட்டலாம். பேச்சு கேட்காது, அவ்வளவு இரைச்சல். சர்வேயர் ஐயா ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே இருந்தார். அவருக்கு அடிக்கடி குளிர் காய்ச்சல் வருமாம். அவர்களிடம் தீப்பெட்டி இல்லை, சோறு இல்லை.

எங்கள் பக்கத்தில் இனி ரொட்டிதான் என்றதும் முதலில் முணுமுணுப்புத்தான். யூசோப் சொன்னதை இவர் எனக்குச் சொன்னார்: "சோறு இல்லாம எத்தனை நாள் வேணாலும் வேலை செய்வேன், ஆனா சாப்பிட்டேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்ங்காரு." ஒரே சட்டியில் அத்தனை பேருக்கும் சுட்டு முடியாது. யூசோப் தாமாகவே பச்சைக் குச்சியைச் சீவி, மாவைக் கயிறு மாதிரி உருட்டி அதில் சுற்றி, தணலுக்கு மேல் திருப்பித் திருப்பிக் காட்டினார். வெந்ததும் குச்சியை உருவினால் குழல். "பரவாயில்லை" என்று மலாயில் சொல்லி இன்னொன்று சுற்றினார். கார்த்திகை நேரத்தில் எங்கள் ஊரில் பனையோலைக்குள் மாவு வைத்துக் கொழுக்கட்டை அவிப்பார்கள். அந்த ஞாபகத்தில் நான் வாழையிலையில் மாவைத் தட்டையாக மடித்துச் சாம்பலுக்குள் புதைத்தேன். இலை கருகி, உள்ளே ஓடு மாதிரி இறுகி வந்தது. இவர் அதைத் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது.

"நல்லா இல்லையா?" என்றேன்.

"நல்லா இல்ல. ஆனா இது தண்ணிக்குத் தாங்கும்."

அக்கரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. சோற்றை எறிய முடியாது. ரொட்டியை எறியலாம்.

முதலில் சட்டியில் வெந்த நல்ல ரொட்டி ஒன்றைத்தான் துணியில் கட்டி, நூல் கயிற்றில் கல்லோடு சேர்த்து வீசினார்கள். பாதி ஆற்றில் விழுந்தது. இழுத்து எடுத்தபோது துவைத்த துணி மாதிரி சொதசொதவென்று வந்தது. ஆறு அகலமாகிவிட்டதால் கரையிலிருந்து எறிந்தால் எட்டவில்லை. எங்கள் பக்கத்திலேயே ஆற்றுக்குள் கொஞ்ச தூரத்தில் பாறை ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து எறிந்தால் போகும்.

நானும் இவரும் காலை முழுக்கச் சாம்பல் ரொட்டி சுட்டோம். ஒருதரம் சுட்டு எடுத்து, மறுபடியும் தணலோரம் நிறுத்தி உலர வைத்தோம். மூடி இறுக்கமான பால்மாவு டின்னில் தீப்பெட்டியும் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையும் ரொட்டியும் அடைத்து, மெழுகுத் துணியால் சுற்றினோம். இடுப்பில் வடத்தைக் கட்டிக்கொண்டு தான் போவதாக யூசோப் முன்னால் நின்றார். இவர் அவர் தோளைத் தட்டினார். "உங்களுக்கு எடை ஜாஸ்தி. நீங்க இழுத்துப் பிடிங்க. நான் போறேன்."

வடத்தின் நுனியை யூசோப்பும் ஆட்களும் பிடித்தார்கள். என்னை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. நானும் பிடித்தேன்.

இடுப்பளவு, மார்பளவு. பாறைக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது கால் வழுக்கி இவர் தலை காணாமல் போயிற்று. பழுப்புத் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வடம் என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது.

"சாமுவேல்!"

நான்தான் கத்தினேன். புருஷன் பெயரை வாயால் சொல்லாத வளர்ப்பு என்னுடையது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருள்ள பையனைக் கூட "ஏ தம்பி" என்றுதான் கூப்பிடுவேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். இழுத்தோம். கொஞ்சம் கீழே தலை தெரிந்தது. இருமிக்கொண்டே கரைக்கு வந்து சேற்றில் மல்லாந்து கிடந்தார். டின்னை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"போதும்" என்றேன். "போதும், வேண்டாம்."

அவர் எழுந்து உட்கார்ந்து அக்கரையைப் பார்த்தார். சர்வேயர் ஐயா அதே மரத்தடியில் இப்போது படுத்திருந்தார். "அவரு மூணு நாள் தாங்க மாட்டாரு ஞானம்" என்றார். அவர் இடுப்பு முடிச்சை நானே அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன்.

இரண்டாம் தடவை இன்னும் மேலே போய் இறங்கினார். தண்ணீர் அவரைக் கொண்டுவந்து பாறையிலேயே மோதியது. ஏறிவிட்டார். கல் கட்டிய கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தார். விழுந்தது, இழுத்தார். மறுபடி எறிந்தார். அக்கரையில் ஒரு சங்கிலி ஆள் பாய்ந்து பிடித்தார். கயிற்றின் மறுநுனியில் கட்டிய டின் தண்ணீரில் முங்கி முங்கி அக்கரை போய்ச் சேர்ந்தது. அவர்கள் மூடியைத் திறந்தார்கள். ஒரு சங்கிலி ஆள் ரொட்டியை எடுத்துக் கல்லில் வைத்துத் தட்டிக் காட்டினார். யூசோப் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். கொஞ்ச நேரத்தில் அக்கரை மரத்தடியில் புகை எழும்பியது.

அன்று சாயங்காலம் நெருப்போரம் உட்கார்ந்து என் உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டார்.

"என்னவோ சொல்லிக் கூப்பிட்டியே, என்ன அது?"

"நான் ஒண்ணும் கூப்பிடலை."

"ஆத்துச் சத்தமா இருக்கும்" என்றார்.

ஆறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

வெள்ளம் வடிந்ததும் மூங்கில் தெப்பம் கட்டி அவர்களை அழைத்து வந்தார்கள். ஐயாவுக்குக் காய்ச்சல் தணிந்திருந்தது. எங்கள் குடிசை வாசலில் நின்று சொன்னார். "பிள்ளை, நீங்கள் சுட்ட பாணிலை என்ரை பல்லு ஒண்டு போயிட்டுது. ஆனால் அதைத் திண்டுதான் உயிரோடை இருக்கிறன்." பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "நீங்கள் இவனைக் கூப்பிட்ட சத்தம் அங்காலையும் கேட்டது" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் புறப்பட வேண்டிய நாள் நெருங்கியது. காலையில் மாவு பிசைந்துகொண்டே இவர் சொன்னார். "ஐயாகிட்ட பேசிட்டேன். இந்த லைன் அளந்து முடிஞ்சதும் விலகிக்கிடுதேன். உன்கூட இல்லாட்டாலும் பின்னாலயே ஊருக்கு வந்துருவேன்."

எதற்காகக் கடல் தாண்டி வந்தேனோ அது கைக்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஊர்ல ரொட்டி சுடுவியளா?"

"அங்க எதுக்கு? நீ சோறு பொங்குவே."

"அத்தை வீட்ல அடுப்புப் பக்கம் வருவியளா?"

மாவிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தார். "வர விடமாட்டாக" என்றார். "அதுக்கென்ன, சூசா இல்ல." குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் இவர் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்ற அந்தப் பழைய காட்சி என் கண்முன் வந்தது. அந்த ஆளை அழைத்துப் போக எனக்கு மனமில்லை.

"நான் இங்க இருந்தா உங்களுக்கு இடைஞ்சலா?"

"இங்கயா? அட்டை கடிக்கும், காய்ச்சல் வரும், கோயில் கிடையாது, உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு..." அடுக்கிக்கொண்டே போனார்.

"நான் கேட்டது அதில்லை."

"இல்லை" என்றார். "இடைஞ்சல் இல்லை."

பள்ளிக்கூட மானேஜருக்கு என்ன எழுதுவது, மாமியாருக்கு யார் சொல்வது, இந்தக் காட்டில் எனக்கு என்ன வேலை என்று அன்று முழுக்க யோசித்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் மழைத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டு நின்றதை வரும் வழியில் பார்த்திருந்தேன். அவர்களுக்கு வாத்தியார் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம். வேறு எதற்கும் விடை கிடைக்கவில்லை. கிடைக்காமலே தூங்கிப்போனேன்.

மறுநாள் கறுப்பையா வண்டியோடு வந்து நின்றார். மாட்டை அவிழ்க்கவே இல்லை.

"எங்கம்மா பெட்டி? ரயிலுக்கு நேரமாச்சி. நல்லா ஏத்திக் கட்டணும், பாதை இன்னும் சேறாத்தான் கெடக்கு."

இவர் சட்டி மூடியில் தணலை அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளின கை அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பவில்லை.

"பெட்டி இருக்கட்டும்" என்றேன். "நீங்க திரும்பி வரும்போது ஒரு மூட்டை மாவு கொண்டாங்க."

கறுப்பையா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணு பத்தாது" என்றார் இவர். "ரெண்டாக் கொண்டாங்க."